ரஜாயில் என்ன பஞ்சு?



சென்ற மார்கழியில் முதியோருக்கு நாம் கொடுத்த மலிவு ரஜாய்களில், ஒரே துவைப்பில் பஞ்சு மூலைக்குத் திரண்டுவிட்டது. குளிர் அவர்களுக்கு, வெட்கம் நமக்கு.

குளிரைத் தடுப்பது பஞ்சுக்குள் அடைபடும் காற்றுதான். இலவம்பஞ்சு லேசானது, நனைந்தால் கட்டிவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். பருத்தி கனம், ஆனால் அமுங்கினாலும் மறுபடி கொட்டிப் பொங்கவைக்கலாம்.

ஆகவே இவ்வாண்டு நன்கு கொட்டிய பருத்தி, சாணுக்கு ஒரு தையல். படுக்கையில் கிடப்போருக்கு மட்டும், அடிக்கடி துவைக்க வேண்டியிருப்பதால், பாலியஸ்டர்.

பஞ்சு கொட்டுவது நம் தூதேகுலா சகோதரர்களின் பரம்பரைத் தொழில். வேலையை அவர்களிடமே கொடுத்தால் ஒரே உதவி இரண்டு வீடுகளுக்குச் சேரும்.

நாம் போர்த்தத் தயங்குவதைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.