புது மருந்து பிறப்பது எப்படி?

(நர்சு மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



புது மருந்து எப்படி வருகிறது என்று நம் ஜனங்களைக் கேட்டால், "யாரோ ஒரு மேதாவி கண்டுபிடித்தார்" என்பார்கள். அது பாதி உண்மைதான். கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது நோயைத் தீர்க்கிறதா என்று நிச்சயிப்பது மற்றொரு வேலை. பின்னதே கஷ்டமானது என்பது என் அபிப்பிராயம்.

1920-களில் ஐரோப்பாவில் படித்த டாக்டர்களே காசநோய்க்குத் தங்க உப்பு ஊசி போட்டார்கள். பலரும் நம்பினார்கள். 1931-ல் அமெரிக்காவில், அந்த மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். பயனைக் காணோம்; கேடுதான் கண்டது. பெரியவர் சொன்னார், விலை உயர்ந்தது என்பதற்காக ஒன்று மருந்தாகிவிடுமா?

இனி ஸ்ட்ரெப்டோமைசினைப் பாருங்கள். 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் கலாசாலையில், வாக்ஸ்மன் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்கிற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதை எடுத்தார். கண்ணாடிக் குழாயில் அது காசநோய்க் கிருமியைத் தடுத்தது. கினிப்பன்றிக்குக் கொடுத்தார்கள், நோய் அடங்கிற்று. மனிதரிலும் சிலருக்குக் குணம் தெரிந்தது. இது போதுமா? போதாது. ஏனெனில் சிலருக்குப் படுக்கையில் ஓய்வாயிருந்தாலே காசநோய் தணிவதுண்டு. குணமானது மருந்தாலா, ஓய்வாலா என்று எப்படிச் சொல்வது?

ஆகையால் 1947-ல் இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலார் 107 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, 55 பேருக்கு ஓய்வும் மருந்தும், 52 பேருக்கு ஓய்வு மாத்திரமும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடவில்லை. மூடி ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டே தீர்மானித்தது. எக்ஸ்ரே படம் பார்த்தவர்களுக்கும் அது யாருடைய படம், எந்தக் கூட்டத்தார் என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவரில் 4 பேரும், பெறாதவரில் 14 பேரும் இறந்தார்கள்.

"52 பேரை மருந்தில்லாமல் விட்டது கொடுமையல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்று இங்கிலாந்துக்குக் கிடைத்த மருந்து மிகச் சொற்பம். எல்லோருக்கும் கொடுக்க வழியே இல்லை. பணத்துக்கும் சிபாரிசுக்கும் கொடுப்பதைவிடச் சீட்டுப்படி கொடுப்பது நியாயமல்லவா? அதனால் பின்வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு உண்மையும் கிடைத்தது.

அந்தச் சோதனை மருந்தின் குறையையும் மறைக்கவில்லை. பலருக்குத் தலைசுற்றல் வந்தது. சில மாதங்களில் கிருமி மருந்துக்கு அடங்காமற் போயிற்று. ஒரே மருந்து போதாது, கூட்டாகக் கொடுக்க வேண்டும் என்ற இன்றைய முறை பிறந்ததற்கு அந்தக் குறையை ஒளிக்காமல் எழுதியதே காரணம்.

தோழர்களே! இன்றும் இதே வழிதான்: ஆராய்ச்சிச் சாலை, பிராணிகள், பிறகு சில மனிதர், பிறகு பலரிடம் ஒப்பிட்டுப் பார்த்தல். கடைக்கு வந்த பின்னும் சோதனை முடிவதில்லை. "தலை சுற்றுகிறது, காது மந்தமாயிருக்கிறது" என்று நோயாளி முதலில் உங்களிடந்தான் சொல்லுவான். அதை அற்பமென்று தள்ளாமல், மணியோடும் அளவோடும் எழுதி வையுங்கள். உங்கள் கையெழுத்தில் உள்ள அந்த ஒரு வரியும் மருந்து ஆராய்ச்சியேயாகும் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.