ஏறிய எண், குறைந்த சுரப்பு



மொழிக்கான மேடையில் இரத்தச் சோதனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. சோதனைத் தாளும் படித்துப் பொருள் கொள்ள வேண்டிய ஓர் எழுத்துத்தான். அதனைப் பிழையாகப் படித்து மருந்தையே நிறுத்திவிடுவோர் நம்மிடையே உளர்.

தைராய்டுச் சோதனைத் தாளில் முதலில் கண்ணிற்படுவது டிஎஸ்எச் என்னும் எண். வயது வந்தோர்க்கு அதன் இயல்பு வரம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். ஒருவருக்கு 12 என வந்து, மிகுதியைக் காட்டும் 'எச்' என்னும் எழுத்தும் பக்கத்தில் அச்சாகியிருந்தால், "தைராய்டு கூடிவிட்டது" என்றே வீட்டில் பேசுவர். உண்மை அதற்கு நேர்மாறானது.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பது அன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு விடுக்கும் ஏவல் அது. வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மாணவர் உடனே விடை கூறினால் ஆசிரியரின் குரல் தணிந்திருக்கும். விடை வாராவிடில் குரல் உயரும். டிஎஸ்எச் 12 என்பது உயர்ந்த குரல். சுரப்பி விடை தரவில்லை என்பதன் அடையாளம். அவ்விடைதான் டி4 என்னும் தைராக்சின். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். டிஎஸ்எச் ஏறி, கட்டற்ற டி4 இறங்கியிருந்தால் குறைசுரப்பு உறுதி. டிஎஸ்எச் மட்டும் சற்று ஏறி, டி4 இயல்பாக இருந்தால் அது தொடக்கநிலை. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தால் பலருக்குத் தானே இறங்கியிருப்பதும் உண்டு. பத்தைத் தாண்டிய நிலையில் பெரும்பாலும் மருந்து தொடங்குவர். அரிதாக, ஆசிரியருக்கே தொண்டை கட்டிவிடுவதும் உண்டு. பிட்யூட்டரி பழுதுற்றால் டி4 குறைந்திருந்தும் டிஎஸ்எச் ஏறாது. ஏவலை மட்டும் பார்த்து நலமென்று முடிவு கட்ட இயலாமைக்கு இதுவே காரணம்.

அலகுகளிலும் ஒரு குழப்பம் உண்டு. சென்னையிலுள்ள உறவினர் தம் டி4 அளவு 1.2 என்பார், பினாங்கில் உள்ளவர் 15 என்பார். இருவர் உடலிலும் உள்ளது ஏறத்தாழ ஒரே அளவுதான். இந்தியாவில் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்றும், இங்கு லிட்டருக்குப் பிக்கோமோல் என்றும் அளக்கின்றனர். முன்னதைப் பதின்மூன்றால் பெருக்கினால் பின்னது கிடைக்கும். இன்னொரு பொறி பயோட்டின். குறைசுரப்பால் முடி உதிர, அதற்கென்று பயோட்டின் மாத்திரை உண்பர். அதுவே சில ஆய்வுக்கருவிகளில் டிஎஸ்எச் அளவைப் பொய்யாக இறக்கியும் டி4 அளவைப் பொய்யாக ஏற்றியும் காட்டிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னரேனும் அதனை நிறுத்துவது நன்று.

குறைசுரப்புக்கு அயோடின் பற்றாக்குறை பழைய காரணம். கடலுணவும் அயோடின் உப்பும் கிடைக்கும் ஊர்களில், உடலின் காப்பு அணுக்களே தைராய்டைத் தாக்குவதுதான் முதன்மைக் காரணம். அதனை 1912ஆம் ஆண்டில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரே அந்நோய்க்கு நிலைத்துவிட்டது. மருத்துவமோ அதற்கும் முந்தியது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் மரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசிவழிச் செலுத்தினார். அவ்வம்மையார் மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் விழுங்கும் லெவோதைராக்சின் மாத்திரை அந்தச் சாற்றின் தூய வழித்தோன்றல்.

மாத்திரை சிறியது, விதிகள்தாம் சற்றுக் கடினம். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்தே பசியாற வேண்டும். பாயான் பாருச் சந்தையில் காலையில் கோப்பியோடோ சோயாப் பாலோடோ சேர்த்து விழுங்கினால், மருந்தின் ஒரு பகுதி குடலில் ஏறாமலே போய்விடும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்வோர், காலைப்பொழுதே இதற்கு விதிக்கப்பட்டது என்று மலைக்க வேண்டுவதில்லை. கடைசி உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து, உறங்கப்போகும் முன் உண்ணலாம்; நாள்தோறும் அதே முறையைக் கைக்கொண்டால் போதும்.

அளவை மாற்றியபின் ஆறு வாரமாவது கழித்தே மறுசோதனை செய்வர். இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிட்யூட்டரி புதிய நிலைக்கு இசைய அதற்கும் மேலாகும். எண் இயல்புக்கு வந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோரைக் காண்கிறோம். மாத்திரையை உண்டதால்தானே எண் வந்தது! கருவுற்ற பெண்களோ, செய்தி தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலோர்க்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் தைராக்சினைக் கொண்டே வளர்கிறது.

பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தையும் தாயிடமிருந்து பெற்ற கொடையால் பிறக்கும்போது நலமாகவே தோன்றும். இதனாலேயே நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துச் சோதிக்கின்றனர். மருத்துவமனையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தால், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாளைக் கடத்தலாகாது. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்ததை மீட்க முடியாது.

ஆசிரியர்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பதின்ம வயதிலும் இந்நோய் தோன்றும். ஆரம்பப்பள்ளியில் சுறுசுறுப்பாய் இருந்த பிள்ளை, மூன்றாம் படிவத்தில் வகுப்பிலேயே உறங்குகிறது, எழுதுவது மெதுவாகிறது, குளிர் தாங்கவில்லை, உடன்பயில்வோர் உயர, அது மட்டும் உயரவில்லை. 'சோம்பேறி' என்ற சொல் நம் நாவில் எளிதில் வந்துவிடுகிறது. எல்லாச் சோர்வும் தைராய்டு அன்று. ஆயினும் உயரம் நின்றுபோனது ஒரு வலுவான குறிப்பு. அத்தகைய பிள்ளையின் பெற்றோரை அழைக்கும்போது, உடற்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் அளந்து எழுதிய உயரக் கணக்கின் படியொன்றையும் கொடுத்தனுப்புங்கள். வளர்ச்சி எந்த ஆண்டில் தடைப்பட்டது என்பதை மருத்துவர் அதிலிருந்தே கண்டுகொள்வார்.