முதற் புள்ளடி



1981ஆம் ஆண்டு என்றதும் இலக்கிய நெஞ்சங்களுக்கு முதலில் நினைவில் வருவது யாழ்ப்பாணப் பொது நூலகந்தான். மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் 95,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' முதலாக அத்தீயைப் பேசிய கவிதைகள் பல. ஆனால், அந்தச் சாம்பல் ஆறுமுன்னரே, ஜூன் 4ஆந் திகதி, அதே மண்ணில் ஒரு தேர்தலும் நடந்தது. அதுபற்றி நான் படித்தவை மிகச் சொற்பம். என் வாழ்வின் முதற் புள்ளடியை நான் இட்டது அந்தத் தேர்தலிலேதான்.

அது மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதிகாரத்தைப் பரவலாக்கும் ஏற்பாடென்று 1980இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. யாழ் மாவட்டத்திற்குப் பத்து ஆசனங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிட்டது. இளைஞர் இயக்கங்கள் எதிர்த்தன. மே மாதத்தில் ஆளுங்கட்சியின் முதன்மை வேட்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31இல் கூட்டணியின் பிரசாரக் கூட்டத்தில் காவலிலிருந்த பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவே தீவைப்பு. நூலகம், 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயம், யாழ்ப்பாணத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் இல்லம் யாவும் எரிந்தன. வழமையாகத் தேர்தற் கடமை பார்க்கும் அலுவலர்கள் பலர் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டு, தெற்கிலிருந்து புதியவர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு யார் வாக்களிக்கப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது இருபது வயது. காலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், வரிசை படலையையும் தாண்டி ஒழுங்கைக்குள் நீண்டு நின்றது. பேச்சுக்குரல் அதிகமில்லை.

உள்ளே ஒரே குழப்பம். வாக்காளர் இடாப்போ தமிழில். அதை வைத்திருந்த இளைஞருக்கோ தமிழ் தெரியாது. தாள்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஆச்சி குனிந்து, விரலால் வரி வரியாகத் தடவி, ஓரிடத்தில் நிறுத்தினா. "இதுதான் தம்பி, என்ரை பேர்." சொல் விளங்காவிட்டாலும் விரல் அவருக்கு விளங்கியது. வாக்குச் சீட்டைக் கொடுத்தார்.

எனக்கும் அப்படியே கிடைத்தது. மறைப்புக்குள் போய்ப் புள்ளடி இட்டேன். பென்சில் சற்று நடுங்கியது.

வெளியே வரும்போது, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய வாக்கை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "சரி, வாக்கு வேண்டாம். நான் வந்தனான் எண்டதை எங்கையாவது எழுதி வையுங்கோ." எழுத யாரும் முன்வரவில்லை. சிறிது நேரம் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வாக்கெண்ணும் வேளையில் சில வாக்குப் பெட்டிகளையே காணவில்லை. ஆயினும் பத்து ஆசனங்களையும் கூட்டணியே வென்றது. ஆனால் அந்தச் சபைக்குப் போதிய அதிகாரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. 1983 யூலையோடு எல்லாம் மாறிப்போயிற்று. அதன் பின்னர் யாழ்ப்பாண மக்கள் உள்ளூராட்சித் தேர்தலொன்றில் வாக்களிக்க 1998 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்தப் புள்ளடியால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயனை எதிர்பார்த்து மட்டும் அந்த வரிசை நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. தங்கள் நூல்களை எரித்தவர்களுக்கு அந்தச் சனங்கள் கல்லெறிந்து பதில் சொல்லவில்லை. காகிதத் துண்டொன்றில் இரண்டு கோடுகள் கீறிச் சொன்னார்கள். எரிந்த ஏடுகளைப் பற்றி எழுதிய நாம், அந்தக் காகிதத் துண்டையும் எழுதியிருக்க வேண்டும்.

தேர்தல் ஆவணங்கள் பெட்டிகளை எண்ணும், ஆசனங்களை எண்ணும். வந்தும் வாக்களிக்க முடியாமற் போனவரை அவை எண்ணுவதில்லை. அவரை எண்ணும் கடமை எழுதுபவனுடையது. அந்த ஆசிரியர் இன்று உயிரோடில்லை. அன்று, 1981 ஜூன் 4ஆந் திகதி காலை, அவர் வந்திருந்தார்.