வாலிபர் கையில் ஊர்ப் பொறுப்பு



"அரசியல் நமக்கு எதுக்கு? அது பெரியவங்க விசயம்" என்று லயத்து வாசலிலே நம் வாலிபர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அவர்களுக்கு யாழ்ப்பாணத்து வாலிபர்களின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

1924ஆம் ஆண்டிலே அங்கு ஒரு மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. பின்னர் அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. முன்நின்றவர்களில் ஒருவர் ஹன்டி பேரின்பநாயகம் என்ற இளம் ஆசிரியர். பள்ளிக்கூடத்திலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும், தாய்மொழியிலே படிக்க வேண்டும், நாடு சுயாட்சி பெற வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1927இல் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைப்பின் பேரில்தான்.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி தேர்தல் வந்தது. முழுச் சுயாட்சி கிடைக்கவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணத்து நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. கொள்கை பெரிதுதான். ஆனால் 1934 வரை அந்த நாற்காலிகள் வெறுமையாகவே கிடந்தன. அதே சபைக்கு அட்டனிலிருந்து போன பெரி சுந்தரம் தொழில் அமைச்சரானார்.

இதிலே இரண்டு பாடம் உண்டு. வாலிபர் ஒன்று கூடினால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைக்கலாம். ஆனால் சபையிலே நம் ஆள் இல்லாவிட்டால் நமக்காகப் பேச அங்கே வாய் இல்லை.

வாக்கு இல்லாத வேதனை நமக்குத் தெரியாததா? 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்தக் கதவை அடைத்தன. மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள்ளே செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. அதையும் 2018இல் தான் திருத்தினார்கள்.

ஆகவே பாதைக்கும் தண்ணிக்கும் வாசிகசாலைக்கும் துரையிடம் மட்டும் கேட்கிற காலம் போய்விட்டது. பிரதேச சபைக்கு எழுதுங்கள். பத்துப் பேர் கூடிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள், அங்கத்தவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். "பொம்பளப் புள்ளைக்கு என்ன அரசியல்?" என்று தாய்மார் தடுக்க வேண்டாம். உள்ளூராட்சி சபைகளிலே நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென்றே சட்டம் இருக்கிறது.

18 வயதானவர்கள் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, வாக்காளர் இடாப்பிலே பேர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரட்டிலே பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இடாப்பிலே பேர் இல்லாவிட்டால் வாக்கும் இல்லை.