மருந்தை வழிநடத்தும் சர்க்கரைச் சங்கிலிகள்



நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் நயினார்கோவில் வட்டாரத்தில் நெல்லும் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. அங்கிருந்து தென்கிழக்கே போனால் மண்டபம், பாம்பன் கடற்கரை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கிக் கட்டக்கோரை பறிக்கிறார்கள் பெண்கள். வயல் பருத்திக்கும் கடல் பாசிக்கும் வேதியியலில் சொந்தம் உண்டு. பருத்தியின் செல்லுலோஸ், நெல்லின் ஸ்டார்ச், கட்டக்கோரையின் ஆல்ஜினேட் எல்லாமே சர்க்கரை வகை அலகுகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலிகள். பாலிசாக்கரைடு என்பது இவற்றின் பொதுப்பெயர்.

இந்தச் சங்கிலிகளுக்கு மருத்துவத்தில் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. ரத்தத்தில் கலந்த மருந்து நோயுள்ள இடத்துக்கு மட்டும் போவதில்லை. புற்றுநோய் மருந்து முடியின் வேரையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் தாக்குவது இதனால்தான். மருந்தைச் சங்கிலியில் ஏற்றி, சங்கிலியின் வேதியியலைக் கொஞ்சம் மாற்றினால் அது போகும் வழியும் மாறுகிறது.

முதலில் அளவு. சிறிய மூலக்கூறுகளைச் சிறுநீரகம் விரைவில் வடிகட்டி வெளியேற்றிவிடும். பெரியவை ரத்தத்திலேயே சுற்றும். ஆல்ஜினேட்டைப் பொறுத்தவரை எல்லைக்கோடு சுமார் 48,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அதற்கு மேற்பட்டவை உடம்பில் தங்கிவிடக்கூடும், ஏனென்றால் ஆல்ஜினேட்டை அறுக்கும் என்சைம் மனித உடலில் இல்லை. இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பெர்அயோடேட் என்ற வேதிப்பொருளால் சங்கிலியை ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்தால், சில கண்ணிகள் நலிந்துபோகும். உடம்பின் நீரே அந்த இடங்களில் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

அடுத்தது மின்னேற்றம். 1980களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியில் இணைத்துச் சோதித்தார்கள். நேர்மின்னேற்றம் உள்ள இணைப்பைக் கல்லீரல் சட்டென்று பிடித்துக்கொண்டது. எதிர்மின்னேற்றம் உள்ளதோ ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, கட்டியில் போய்ச் சேர்ந்தது. மருந்தும் ஒன்றுதான், சங்கிலியும் ஒன்றுதான். ஏற்றம் மாறியதும் போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது.

மூன்றாவது, முகவரி ஒட்டுவது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் மருத்துவர் தேடுவது, நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை. அக்குளில் உள்ள கணுக்களை எல்லாம் எடுத்துவிட்டால், பிறகு கை வீங்கிக்கொண்டே போகும் தொல்லை பலருக்கு வருகிறது. அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற டில்மனோசெப்ட் இந்தத் தேடலை எளிதாக்கியது. டெக்ஸ்ட்ரான் சங்கிலியில் மான்னோஸ் என்ற சர்க்கரையும், டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிடித்துவைக்கும் பகுதியும் இணைக்கப்பட்டிருக்கின்றன. கட்டிக்கு அருகில் ஊசி போட்டால், அது நிணநீர் வழியே ஓடிக் கணுவிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களில் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்களின் மேல் மான்னோஸைப் பிடிக்கும் ஏற்பிகள் இருப்பதே காரணம். கையில் பிடிக்கும் கருவி கதிர்வீச்சைக் கண்டு கணுவைக் காட்டிக்கொடுக்கிறது.

மருந்தைத் திரும்ப இழுக்கவும் சர்க்கரை உதவுகிறது. அறுவையின்போது தசைகளைத் தளர்த்த ரோகுரோனியம் கொடுப்பார்கள். அறுவை முடிந்ததும் அதன் விளைவை நீக்க சுகம்மாடெக்ஸ் உண்டு. ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும் எட்டு சர்க்கரை அலகுகள் கொண்ட வளையத்தில், எதிர்மின்னேற்றக் கைகளைச் சேர்த்து இதை ஆக்கியிருக்கிறார்கள். வளையம் ரத்தத்திலுள்ள ரோகுரோனியத்தைத் தனக்குள் அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு குறையவே, தசையில் இருப்பதும் ரத்தத்துக்கு இறங்கிவரும். பிறகு இரண்டும் சேர்ந்து சிறுநீரில் வெளியேறும். ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் இது அனுமதி பெற்றது.

நம் மாவட்டத்துக்கு இதில் பங்கு உண்டா? நிச்சயம் உண்டு. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில் பல ஆண்டுகளாகக் கடற்பாசியை ஆராய்ந்துவருகிறது. வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேலான மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் கரையில் காயவைத்துக் கிலோ கணக்கில் விற்கும் பாசி அப்படியே ஊசி மருந்தாகிவிடாது. பாக்டீரிய நச்சையும் கன உலோகங்களையும் நீக்க வேண்டும். சங்கிலிகள் ஒரே சீரான நீளத்தில் இருக்க வேண்டும். அந்தச் சுத்திகரிப்புக்கும் சோதனைக்கும் உரிய ஆய்வுக்கூடம் இந்த மாவட்டத்திலேயே அமைய வேண்டும். பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்க வேண்டும். கூடும் மதிப்பில் ஒரு பங்கு, பாசி பறிக்கும் பெண்களின் கூலியிலும் சேர வேண்டும்.