வீட்டிலொரு கம்மாலை



இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம்மவர் கேட்பதுண்டு. தனக்கு உரிமையில்லாத இடத்திலே தலை நீட்டுபவனை விலக்குதற்கு எழுந்த பழமொழி அது. இன்றோ எங்கள் தீவகத்திலே நிலைமை தலைகீழாகிவிட்டது. இரும்படிக்கும் இடங்களே அருகி வருகின்றன. ஈ எங்கே போய் மொய்ப்பது? இதுகாறும் கம்மாலை வாசலில் நின்று மண்வெட்டியை நீட்டிவிட்டுத் திரும்பிய நாம், உள்ளே சென்று சுத்தியலைக் கையில் எடுக்கலாமா? எடுப்பதாயின் எவரிடத்தே கற்கலாம், எக்கருவிகளோடு தொடங்கலாம்? இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

காரைநகர் போன்றதோர் ஊரிலே கொல்லன் கை படாத தொழில் எதுவும் இருந்ததில்லை. கலப்பைக்குக் கொழு, தோட்டத்துக்கு மண்வெட்டி, அரிவி வெட்டுக்குத் தாக்கத்தி, கொக்கத்தடிக்குச் சத்தகம், பனையேறுவோருக்குப் பாளைக்கத்தி, வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம், எருத்தின் குளம்புக்கு லாடன், கடற்றொழிலாளருக்கு மண்டாவும் நங்கூரமும், அடுக்களைக்குத் திருவலை, படலைக்குக் கொளுக்கி என இவை யாவும் ஒரே உலையிலிருந்து வந்தவை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப்பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். கட்டிய தச்சரையும் ஓட்டிய மாலுமிகளையும் நினைக்கின்றோம். மரக்கலங்களின் ஆணிகளையும் இரும்புப் பட்டைகளையும் அடித்த கையை நினைப்பவர் சிலரே.

இத்தனை பேருக்கும் வேண்டியவனாயிருந்த கொல்லனை நாம் எந்த இடத்தில் வைத்திருந்தோம்? இதனை மூடி மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. தொழிலை ஒரு குலத்துக்கு உரியதென்று வேலியிட்டோம். ஆண்டுக்கொருமுறை நெல் அளந்தோம். அவன் செய்த கத்தியை உள்வீட்டுக்கு எடுத்துச் சென்று, அவனைத் திண்ணையோடு நிறுத்தினோம். அவ்வேலி இரண்டு பக்கமும் அடைத்தது. கொல்லன் மகன் வேறு தொழிலுக்குப் போக முடியாதவாறு ஒரு காலம் தடுத்தது. மற்றையோர் மகன் கம்மாலைக்குள் வராதவாறு இன்னும் தடுக்கின்றது. கல்வி பெற்ற கொல்லர் பிள்ளைகள் அத்தடையைத் தாண்டி வெளியேறியது நன்றே. அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. ஆயின், வெளியேறியவர் விட்ட இடத்துக்கு உள்ளே வருவார் ஒருவரும் இல்லாதபோது, முதியவர் ஒருவர் கண்மூடுந்தோறும் ஓர் உலை அணைகின்றது. அவர் கையிலிருந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்பட்டதன்று.

இத்தொழில் அறிவுக்குக் குறைந்ததென எண்ணுவோருக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். குறுந்தொகைப் பாடல்களை இயற்றிய புலவருள் கொல்லன் அழிசி என்பார் ஒருவர். தொழிற்பெயர் முன்னிற்கப் பெயர் சொல்ல அக்காலத்தார் நாணவில்லை. நம் நாட்டுக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிலே, இரும்பை உருக்கி எடுக்கும் முறையையும் உருக்குச் செய்யும் முறையையும் தாம் கண்டவாறே விரித்து எழுதியுள்ளார். சமனலவாவிப் பகுதியிலே, மலைச்சரிவின் மேற்கு முகத்தில், காற்றின் விசையாலேயே எரிந்த பழைய இரும்புலைகளை ஜில் ஜூலெவ் என்ற ஆய்வாளர் கண்டறிந்து 1996ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவை எரிந்தன. துருத்தி ஊதும் வேலையைத் தென்மேற்குப் பருவக்காற்றே செய்தது. நாம் சோளகம் என்று சொல்லி முகஞ்சுளிக்கும் அதே காற்றுத்தான்.

இன்னுமொன்று. தென்னாட்டு உருக்கை மேனாட்டார் 'வூட்ஸ்' என்றனர். அதன் உட்கூறு யாதென 1819ஆம் ஆண்டிலே ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் பரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராக நம் மாணவர் அறிந்த அதே பரடேதான். அவருடைய தந்தையார் இங்கிலாந்திலே ஒரு கொல்லர். கொல்லர் மகன் ஒருவர் கையிலே நம் கொல்லரின் உருக்கு போய்ச் சேர்ந்தது பொருத்தமே.

இனிக் கற்கும் வகைக்கு வருவோம். முதலாவது விதி: உயிரோடிருக்கும் கொல்லர் ஒருவரிடம் செல்லுங்கள். கைத்தொலைபேசியிற் காணும் படங்கள் ஓரளவு உதவும். ஆனால், அடி தவறும்போது 'முழங்கையை இறக்கு' என்று அவை சொல்லமாட்டா. செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனிவகுப்புக்கு மாதந்தோறும் பணங்கட்டும் நாம், ஒருவர் ஐம்பது ஆண்டு நெருப்பில் நின்று பெற்ற அறிவை இலவசமாகக் கேட்பது முறையன்று. கிழமைக்கு ஒருநாள், ஆறு மாதம் என்று பேசிக் கூலியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரை அண்ணை என்றோ ஐயா என்றோ மரியாதையாக அழையுங்கள். வயதிற் குறைந்த பிள்ளைகூட அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிடும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. அதனோடு கம்மாலைக்குட் புகுபவன் எதையும் கற்கமாட்டான். முதல் இரண்டு மாதமும் துருத்தி ஊதவும் சம்மட்டி போடவும் விடுவார். அதனை வேலை வாங்குதல் என்று எண்ணவேண்டா. காற்றை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று அறியாதவனுக்கு நெருப்பு வசப்படாது.

கம்மாலைக்குட் புகுந்தவுடன் கண்ணுக்குப் படுவது இருட்டு. படித்த நம்மவர் அதனை வறுமையின் அடையாளமாகக் கொள்வர். உண்மை வேறு. இரும்பின் வெப்பத்தை அளக்கும் கருவி கொல்லனின் கண். அக்கண் நிறத்தைக் காண்பதற்கு நிழல் வேண்டும். மங்கிய சிவப்பு ஏறக்குறைய 700 பாகை செல்சியஸ். தோடம்பழ நிறம் 950 பாகையளவில் வரும். மஞ்சள் நிறத்திலே, 1,100 பாகைக்கு மேல், இரும்பு மெழுகுபோல் இணங்கும். வெண்மையேறிப் பொறி பறந்தால் இரும்பே எரியத் தொடங்கிவிட்டது, அத்துண்டு பயனில்லை. நண்பகல் வெயிலிலே முற்றத்தில் நின்று இவற்றைப் பிரித்தறிய எவராலும் இயலாது. சிவப்பிலே அடிப்பவன் இரும்பை வெடிக்கச் செய்கிறான், மஞ்சளிலே அடிப்பவன் பாதி வலிமையோடு இருமடங்கு வேலை செய்கிறான். புதிதாகக் கற்பவன் பெரும்பாலும் ஆறிய இரும்பையே அடித்துக்கொண்டிருப்பான். இன்னுமோர் அடி என்ற ஆசை.

வீட்டில் ஓர் உலை அமைத்தற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. இரண்டடிச் சதுரத்திற் செங்கல்லால் மேடை கட்டி, நடுவே ஒரு சிரட்டையளவு குழிவிட்டு, களிமண்ணும் மணலும் உமியும் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். இங்கே தீவகத்தார் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எங்கள் நிலமெங்கும் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லுமே. கைக்கெட்டுகிறதென்று அவற்றை உலைக்குள் வைத்தால், உலைவெப்பம் அவற்றை நீற்றிச் சுண்ணாம்பாக்கிவிடும். சுண்ணாம்புச் சூளை கண்டவர் நாம்; வீட்டில் இன்னொரு சூளை வேண்டா. சீமெந்துத் தரையும் ஆகாது. பழுத்த இரும்பு விழுந்தால் அது வெடித்துத் தெறிக்கும். அடியில் மண்தரையே நல்லது.

கரிக்கு நமக்குக் குறைவில்லை. சிரட்டைக்கரி கடும் வெப்பந் தரும், சாம்பல் குறைவு. குழிதோண்டிச் சிரட்டையைச் சுட்டு, மூடி ஆறவிட்டு எடுக்கும் வழக்கம் இன்னும் மறந்துபோகவில்லை. காற்றுக்குத் தோற்றுருத்தி கிடைத்தால் நன்று. இல்லையேல் கையாற் சுழற்றும் ஊதுவிசிறி, அதுவும் இல்லையேல் சிறியதொரு மின்விசிறி போதும். உலைக்குட் செல்லும் குழாய் மட்டும் நாகம் பூசாத இரும்பாயிருத்தல் வேண்டும். வேலிக்கு நட்ட பழைய குழாயை வெட்டி வைத்துவிடுவோர் உளர். நாகம் சூடேறியதும் வெண்புகையாக எழும். அதனைச் சுவாசித்தவர் அன்றிரவு குளிர்காய்ச்சலோடு படுப்பர். நாகம் பூசிய எதனையும் நெருப்பில் இடலாகாது.

அடுத்தது பட்டடை. கடைகளில் விற்கும் வார்ப்புப் பட்டடையை வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஓரடியோ இரண்டடியோ நீளமான தண்டவாளத் துண்டொன்றை நிமிர்த்தி, கனத்த வேம்பு அல்லது புளியமரக் குற்றியிற் பதித்துவிட்டால், சுத்தியலின் அடிக்கு நேர்கீழே முழுப்பாரமும் நிற்கும். படுக்கவைப்பதிலும் நிமிர்த்தி வைப்பது மேல். நின்று வேலை செய்வோருக்கு, கையைத் தொங்கவிட்டு முட்டிபிடித்தால் முட்டி தொடும் உயரமே அளவு. நம் பழைய கொல்லர் இருந்தே வேலை செய்வர். அவரிடங் கற்பவர் அவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். தண்டவாளம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 1905ஆம் ஆண்டு காங்கேசன்துறைவரை வந்த புகைவண்டிப் பாதை போர்க்காலத்திற் பெயர்க்கப்பட்டு, அதன் இரும்பு பதுங்குகுழிகளுக்குக் கூரையாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது 2014ஆம் ஆண்டில். ஆகவே, பாதையருகே கிடப்பது எதுவாயினும் பொதுச்சொத்து, கைவைக்கலாகாது. பழைய இரும்புக் கடையிற் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். லொறி அச்சின் தட்டையான முனையும் அவ்வேலைக்கு உதவும்.

சுத்தியல் இரண்டு இறாத்தலுக்கு மேற்பட வேண்டா. பருத்த சுத்தியலை நாடுவது இளைஞர் இயல்பு. அரைமணி நேரத்திலே மணிக்கட்டு அவர்களுக்குப் பாடம் கற்பிக்கும். ஒரு குறடு, ஒரு வெட்டிரும்பு, இரண்டு அரம், ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். தொடக்கத்தில் இரண்டரையடி நீளக் கம்பியாக எடுத்தால் குறடுகூட வேண்டியதில்லை; மறுமுனையைக் கையாற் பிடிக்கலாம்.

எதை முதலிற் செய்வது? பையன்களெல்லாம் கத்தி என்பர். கத்தி நாலாம் மாதம். முதலிலே கொளுக்கி. கம்பியின் முனையைக் கூராக்கல், வளைத்தல், முறுக்கல் மூன்றும் அதில் அடங்கும். பிறகு ஆணி, பிறகு ஒரு வெட்டுளி. வெட்டுளியிலேதான் இத்தொழிலின் உயிர்நிலையான தோய்த்தல் வருகின்றது. கொங்கிறீற்றுக் கம்பி பெரும்பாலும் மெல்லிரும்பு. எத்தனை முறை தோய்த்தாலும் கூர் நில்லாது. லொறியின் வில்லுத்தகடு உருக்கு, அது தோயும். எவ்வளவு சூட்டில் என்பதற்கு ஒரு காந்தம் போதும். ஏறத்தாழ 770 பாகையிலே இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே ஏற்றித் தோய்க்கவேண்டும்.

எதில் தோய்ப்பது என்பதிலே தீவகத்துக்கென்று ஒரு கவனம் உண்டு. எங்கள் கிணறுகளிற் பல உவர். உப்புநீர் நன்னீரிலும் விரைவாக இரும்பைக் குளிர்விக்கும். வில்லுத்தகட்டுக்கு அவ்விரைவு ஆகாது. நுண்ணிய வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் வேலையிலே இரண்டாகும். இத்தகைய உருக்கை வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயிலே தோய்ப்பதே நன்று. தோய்த்த உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பினது. ஆதலால், மினுக்கிவிட்டு மறுபடி மெல்லச் சூடேற்றும்போது, நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். வைக்கோல் நிறம் 220 பாகையை அடுத்து வரும், அது கத்திவாய்க்கு. ஊதா 280 பாகையளவில், உளிக்கு. நீலம் 300 பாகைக்குக் கிட்ட. அடி தாங்கவேண்டிய கருவிக்கு. நிறம் வந்த கணமே நிறுத்தவேண்டும். பாடசாலையிலே வெப்பத்தையும் உலோகத்தையும் ஆண்டுக்கணக்காகப் படிப்பிக்கின்றோம். இந்நிறங்கள் ஓடுவதை ஒருமுறை கண்ட மாணவன் ஒருவனையும் நான் கண்டதில்லை. 1937ஆம் ஆண்டு வார்தாவிலே காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கச் சொன்னபோது, புத்தகத்தை விலக்கச் சொன்னாரல்லர். ஊர்க்கொல்லரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியர் ஆசனத்தில் இருத்தி, உரிய கொடுப்பனவும் கொடுக்க எந்த அதிபருக்கும் தடையில்லை.

ஆபத்தையும் சொல்லவேண்டும். பருத்தி உடை அணியுங்கள். நைலோன் உருகித் தோலோடு ஒட்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கரியின் நச்சுவாயுவுக்கு மணமில்லை. ஆகையால், இருட்டு வேண்டுமென்று நான் சொன்னதைக் கேட்டு நாற்புறமும் அடைத்துவிடாதீர்கள். மேலே கூரை, இரண்டு பக்கம் திறப்பு. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பார்த்திருக்கட்டும். எல்லாவற்றிலும் பெரிது சோளகம். வைகாசி முதல் ஆவணி வரை காற்று வீசுங்காலத்தில், ஒரு பொறி பறந்தால் கிடுகுவேலி பற்றும். வேலி பற்றினால் அயல்வீட்டுக் கூரை. அம்மாதங்களிலே விடியற்காலையில், காற்று எழுமுன்னரே வேலையை முடித்துவிடுங்கள். அல்லது அரம் பிடித்துப் பிடிபோடும் வேலைகளை அப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

கடற்காற்று இரும்புக்குப் பகை. வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். மாரி தொடங்குமுன் துருத்தியை இறக்கி, தோலுக்கு வேப்பெண்ணெய் தடவி, உயரத்திலே கட்டித் தொங்கவிடுங்கள். கீழே வைத்தால் தைமாதத்திலே எடுக்கும்போது எலி தின்ற மிச்சமே கிடைக்கும்.