சொட்டும் நீரும் கூட்டுப் பொறுப்பும்

(கிளைக் கூட்டம் ஒன்றில் தோட்டத்துக் கிராணி ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்)



சம்பளத்தையும் பெரட்டையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச வந்துவிட்டானே இந்தக் கிராணி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் பிள்ளையை அனுப்பாத லயம் நம்மிடையே எத்தனை இருக்கிறது? போனவர்களில் பலர் அங்கே அடுக்குமாடி வீடுகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். சிலர் சொந்த வீடே வாங்கிவிட்டார்கள். லயத்துப் பழக்கம் வேறு, அடுக்குமாடிப் பழக்கம் வேறு. லயத்தில் பைப்பு உடைந்தால் தண்ணீர் வாசலில் ஓடும். அடுக்குமாடியில் பைப்பு உடைந்தால் அது கீழ்வீட்டுக்காரன் தலைமேல் விழும்!

தோட்டத்தில் வீடும் தண்ணீரும் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் அதைச் சொல்கிறது. பைப்பு பழுதானால் ஆபீசில் வந்து சொல்கிறீர்கள், நான் புத்தகத்தில் எழுதுகிறேன், நடக்காவிட்டால் சங்கம் கேட்கிறது. சிங்கப்பூரில் சொந்த வீடு வாங்கியவனுக்கு இந்த வழி இல்லை. அங்கே வீட்டுக்குள் ஓடும் குழாய்க்கு அவனே துரை, அவனே கிராணி, அவனே கூலி.

அந்த நகரத்தின் சரித்திரத்தையே குழாயை வைத்துச் சொல்லிவிடலாம். 1857 இல் தான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகர மக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். நீர்த்தேக்கம் 1868 வாக்கில் கட்டி முடிந்தது. ஆனால் பம்புகளும் விநியோகக் குழாய்களும் தயாராக மேலும் பத்தாண்டுகள் ஆயின. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் வீட்டுக்கு வரவில்லை. இன்று மெக்ரிச்சி என்று வழங்கும் நீர்த்தேக்கம் அதுதான். குழாய் இல்லாத தண்ணீர் கானல் நீருக்குச் சமம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1942 சனவரி 31 ஆம் நாள், பின்வாங்கிய படைகள் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தபோது, அதன்மேல் வந்த தண்ணீர்க் குழாயும் அறுந்தது. அடுத்த இரு வாரங்களில் குண்டுவீச்சால் நகரத்துக் குழாய்கள் பல இடங்களில் உடைந்து, தண்ணீர் தெருவில் ஓடி வீணாயிற்று. பிப்ரவரி 15 ஆம் நாள் நகரம் சரணடைந்ததற்கு இந்தத் தண்ணீர் முடையும் ஒரு காரணம்.

1963 ஏப்ரலில் வறட்சியால் வந்த தண்ணீர்ப் பங்கீடு பத்து மாதம் நீடித்தது. அடி பட்ட நகரம் பாடம் கற்றது. துருவேறிய பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை 1983 முதல் 1993 வரை பத்தாண்டுத் திட்டம் போட்டு மாற்றினார்கள். தெருவுக்கு அடியில் இருந்த கசிவு குறைந்தது.

ஆனால் தோழர்களே, தெருக் குழாயைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்த்துக்கொள்ளும். அடுக்குமாடிக்குப் பொதுவான குழாய்களை நகர மன்றம் பார்த்துக்கொள்ளும். வீட்டு மீட்டரைத் தாண்டி உள்ளே ஓடும் குழாய் வீட்டுக்காரன் பொறுப்பு. இந்த எல்லையை அறியாமல் மூன்று அலுவலகங்களுக்கு மனு எழுதிக்கொண்டு மூன்று மாதம் கழிப்பவர்கள் உண்டு. அந்த மூன்று மாதமும் தண்ணீர் சும்மா இருக்குமா?

கூரையில் ஈரத் திட்டுத் தெரிந்தால், அது எந்தத் தண்ணீர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாய் கசிந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் ஈரம் காயாது. அது எந்த வீட்டுக் குழாயோ, அந்த வீட்டு மீட்டர் காட்டிக் கொடுக்கும். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். விடிந்ததும் ஒருவரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கசிவு உண்டு. கழிப்பறைத் தொட்டியிலும் கசிவு ஒளிந்திருக்கும். தொட்டியில் சிறிது சாயத்தைக் கலந்து, தண்ணீரை இழுத்துவிடாமல் காத்திருங்கள். சாயம் கீழே இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது. சொட்டுச் சொட்டாய் விழுவது எத்தனை வாளியாகும் என்று பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

மேல்வீட்டில் குளித்தபின் மட்டும் ஈரம் கண்டால், மீட்டர் அசையாது. குளியலறைத் தரைக்கு அடியில் இருக்கும் நீர்புகாப் படலம் தேய்ந்திருக்கலாம், அல்லது கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருக்கலாம். மழை பெய்தால் மட்டும் ஈரம் என்றால் வெளிச்சுவரையும் சன்னலையும் பார்க்க வேண்டும்.

ஈரம்தானே, சுண்ணாம்பு பூசினால் மறைந்துவிடும் என்று விடுவது ஆபத்து. ஈரம் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே உள்ள இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது வீங்கி, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஒருநாள் கூரைத் துண்டு தொட்டிலில் விழும். மின்விளக்கின் அருகே நீர் சொட்டினால், ஈரக் கையால் எதையும் தொடாமல், முதலில் மின்சாரத்தின் தலைமைச் சுவிட்சை அணைக்க வேண்டும்.

இனி, செலவு யாருடையது? இங்கேதான் அண்டை வீட்டார் சண்டை தொடங்குகிறது. “உன் வீட்டுத் தண்ணீர்” என்கிறான் கீழ்வீட்டுக்காரன். “உன் வீட்டுக் கூரை” என்கிறான் மேல்வீட்டுக்காரன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதி இருவரையும் பார்த்து, இது உங்கள் இருவர் பொறுப்பு என்கிறது. மேல்வீட்டின் தரையும் கீழ்வீட்டின் கூரையும் ஒரே பலகைதானே! நாளடைவில் தேய்ந்து வந்த கசிவானால், கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கிறது. அதில் கழகம் செலவில் பாதியை ஏற்கும். மேல்வீட்டார் கால் பங்கும் கீழ்வீட்டார் கால் பங்கும் கொடுத்தால் போதும். கதவைத் திறக்க மறுப்பவர்களும் உண்டு. அவர்களை எண்ணித்தான் 2015 இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளே சென்று பார்க்கக் கழக அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

பழைய வீடுகளுக்கு 2007 இல் வந்த வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவுநீர்க் குழாய் மாற்றுவதும் உடைந்த கான்கிரீட்டைச் சரிசெய்வதும் உண்டு. குடிமக்களின் வீட்டுக்கு அந்த அவசிய வேலைகளின் செலவை அரசாங்கமே ஏற்கிறது.

தேக்கா பக்கத்துக் கடைவீடுகளின் கதை வேறு. சிராங்கூன் சாலையைச் சுற்றிய லிட்டில் இந்தியா 1989 இல் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் சுவர் ஒன்றே. அங்கே மேல்வீடு கீழ்வீடு என்பதோடு பக்கத்து வீடும் சேர்ந்துகொள்ளும்.

வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அறைக்குள் பெட்டியை வைக்குமுன் கூரையையும் குளியலறையையும் பார்த்துப் படம் பிடித்து வையுங்கள். கசிவு கண்ட அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. போகும்போது “நீ கெடுத்தாய்” என்று முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால், அந்தத் தேதியிட்ட தாளே உங்களைக் காக்கும். இரண்டாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமானால், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வைக்க அங்கே இடமில்லை. ஆகவே பணம் படைத்தவனும் நம்மைப் போலத் தன் வாயாலேதான் பேச வேண்டும்.

இன்னொன்று. பழைய குழாய் முனையைக் கழற்றிப் புதிது மாட்டுவது நாமே செய்யக்கூடிய வேலை. புதிதாகக் குழாய் போடுவதையும் மாற்றிப் போடுவதையும் உரிமம் பெற்ற குழாய்த் தொழிலாளியிடம் கொடுங்கள். மலிவுக்கு ஆள் பிடித்து இரண்டு முறை கூலி கொடுப்பதில் என்ன லாபம்?

தோழர்களே! சங்கம் நமக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், ஒருவன் தனியாக நின்று தீர்க்க முடியாததைப் பலர் சேர்ந்து தீர்க்கலாம் என்பது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படிப்பட்டதே. கீழ்வீட்டான் மட்டும் பூசினால் மேலே ஒழுகும். மேல்வீட்டான் மட்டும் மறுத்தால் இருவர் வீடும் கெடும். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அடுத்த முறை பேசும்போது, கூரையில் ஈரம் கண்டால் மேல்வீட்டுக் கதவை மரியாதையாகத் தட்டச் சொல்லுங்கள். “உங்கள் வீட்டு மீட்டரைச் சேர்ந்து பார்ப்போமா அண்ணே?” என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லையென்றால் கழகத்துக்கு எழுதலாம்.